ஹூசன்கள் மட்டும் தப்பியது எப்படி?

"எங்க அக்கா இன்னைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு, உங்க ஃபைலைத் தொடாமலே, அதுக்குள்ள இருக்கிற பத்தொம்பது பேரையும் வரிசையா ஒப்பிப்பாங்க கேப்டன் அண்ணே. ஒரு பேர் தப்பினாலும் என் வேன் உங்களுக்கு!" என்றான் எர்காஷ்.

மார்கிலான் நகரத்தில் அதுவரை யாரும் இப்படி ஒரு சவடால் விட்டதில்லை. அந்த வேனின் பின்கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது என்பதும், அந்தக் கயிறும் இரவல் என்பதும் வேறு விஷயம்.

புலனாய்வு கேப்டன் உமர்ஸோக் மீசையைத் தடவினார். ஜனவரிக் குளிரில் அவர் மீசை எப்போதும் பாதி உறைந்தே இருக்கும். தடவினால் சலசலவென்று சத்தம் வரும்.

"என்ன தங்கச்சி, உன் ஆளு சொல்றது நிஜமா?"

கேள்வி ஸுஹ்ராவுக்கு. அவள்தான் அந்த ஊரின் ஒரே துப்பறியும் பெண். எர்காஷ் அவளுடைய உதவியாள், ஓட்டுநர், சமயத்தில் தலைவலி. 'இவன் உளறுகிறான், நம்பாதீர்கள்' என்று சொல்லத்தான் ஸுஹ்ரா வாயைத் திறந்தாள். திறந்ததில் பாதிதான் திறந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பல் டாக்டர் ஓர் ஒட்டகத்தையும் அதன் குட்டியையும் சேர்த்து மரத்துப்போகச் செய்யும் அளவுக்கு ஊசி போட்டிருந்தார். நாக்கு, வாய்க்குள் யாரோ மறந்துவிட்டுப்போன செருப்பு மாதிரி கிடந்தது.

"ழ்ழ்... ழ்ழா..." என்றாள்.

"நாலு மணிக்கு முன்னாடியே முடிச்சிடலாம்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தான் எர்காஷ்.

"முடிச்சா சரி" என்று கேப்டன் ஒரு நீல ஃபைலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். "நாலு மணிக்கு அந்த வாத்தியார் வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுறான். போட்டா ஏழு வருஷம். அவனே போடுறேன்னுட்டான். நீங்க ரெண்டு பேரும் வீணா பெட்ரோலை எரிக்கிறீங்க."

வாத்தியார் என்றால் தில்முராத். 'நாற்பது சினார்' கணிதப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன். அந்தப் பள்ளியில் சேர இந்த வருஷம் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் மனுப் போட்டிருந்தார்கள். நகர எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்பது விதி. எல்லைக்கு வெளியே உள்ளவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க தில்முராத் ஒரு சின்ன நிரல் எழுதினான். அறுபத்தொரு பேர் போயிருக்க வேண்டும். நாற்பத்திரண்டு பேர்தான் போனார்கள். மீதிப் பத்தொன்பது பேர் அசையாமல் உள்ளேயே இருந்தார்கள்.

"பத்தொம்பது பேருக்கும் அவன் விலை பேசியிருக்கான். யார் யாருன்னு எனக்கும் பள்ளிக்கூடத் தலைமைக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார் கேப்டன். "நாலு மணிக்கு வாங்க. அந்த வேனோட சாவியையும் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் ஸுஹ்ரா தன் உதவியாளை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தின் பாதி கோபமாக இருந்தது. மறு பாதிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

"முறைக்காதீங்க அக்கா. நீங்க பேசியிருந்தா 'முயற்சி பண்றோம்'னு சொல்லியிருப்பீங்க. முயற்சி பண்றவங்களை அந்த ஆள் வாசலோட அனுப்பிடுவாரு."

அது உண்மைதான். இந்த வழக்கை அவள் ஏற்றதே முயற்சி என்ற அளவில்கூட இல்லை. முந்தாநாள் தில்முராதின் மனைவி வந்து உட்கார்ந்தாள், அழுதாள், போனாள். முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் ஒரே அளவு மூச்சுதான் செலவாகும் என்று தோன்றியதால் ஸுஹ்ரா முடியும் என்றாள். போன அக்டோபரில் கூடப்பிறந்த ஃபாத்திமாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான். உள்ளே அன்றைக்கே யாரோ ஊசி போட்டுவிட்டார்கள். இன்று வெளியேயும் போட்டாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி மரத்துக் கிடப்பதில் ஒரு வசதிகூட இருந்தது.

வேன் கிளம்பியது. அதாவது, கிளம்புவதாகப் பத்து நிமிஷம் பயமுறுத்திவிட்டுக் கிளம்பியது.

"அக்கா, காலையில பல் ஆஸ்பத்திரியில நடந்ததைச் சொன்னா நம்ப மாட்டீங்க" என்று எர்காஷ் ஆரம்பித்தான். "நீங்க உள்ள போயிட்டீங்க. நான் வராந்தாவுல கதகதன்னு ஒரு நாற்காலியைப் பிடிச்சேன். அந்த நர்ஸ் மஸ்தூரா இருக்கால்ல, மலை மாதிரி? வரிசையா ஒவ்வொரு நாற்காலியா வந்தா. ரத்த அழுத்தச் சீட்டு இல்லாதவனை எல்லாம் எழுப்பி வெளியே தள்ளினா. என்கிட்ட ஏது சீட்டு? பல்லு வலியே இல்லாம குளிர் காய வந்தவன் நான். செத்தேன்னு நெனச்சேன். எனக்கு முன்னால இருந்த கரடித் தொப்பிக்காரனை விரட்டினா. அடுத்தது நான். என்ன ஆச்சு தெரியுமா? என்னை விட்டுட்டு, எனக்குப் பின்னால இருந்த கிழவியோட சீட்டைக் கேக்குறா! நான் கண்ணுக்கே தெரியல அக்கா அவளுக்கு. எனக்குள்ள ஏதோ சக்தி இருக்கு."

"ழூ" என்றாள் ஸுஹ்ரா.

"லூசா? நானா? சரி, சொல்லுங்க. வாய் வந்தா இன்னும் மோசமா சொல்வீங்க."

கடைத்தெருவில் மவ்லூதா ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். குழந்தை வண்டி ஒன்றில் ரொட்டிகளை அடுக்கி, மேலே கம்பளியைப் போர்த்தியிருந்தாள். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கு மனுப் போட்டவர்கள். வீடு எல்லைக்கு வெளியே. எர்காஷுக்குத் தூரத்து உறவு. அவனுக்குத்தான் ஊரே தூரத்து உறவாயிற்றே.

"இவங்கதான் ஸுஹ்ரா அக்கா" என்று அறிமுகம் செய்தான்.

"ஸுஹ்ராவா? வாங்கம்மா. ஃபாத்திமா நல்லா இருக்காங்களா?"

அந்த ஊரில் ஸுஹ்ரா என்று பேர் சொன்னால் அடுத்த கேள்வி இதுதான். இரட்டைப் பெண் பிறந்தால் மூத்தது ஃபாத்திமா, இளையது ஸுஹ்ரா. ஆண் என்றால் மூத்தவன் ஹசன், இளையவன் ஹூசன். மாற்றிப் பேர் வைக்க அங்கே எந்தத் தகப்பனுக்கும் தைரியம் வந்ததில்லை. ஆகவே தனியாக ஒரு ஸுஹ்ரா என்பது கைப்பிடி இல்லாத கதவு மாதிரி. பார்த்தவர்கள் எல்லோரும் கைப்பிடி எங்கே என்று கேட்பார்கள்.

"நல்லா இருக்கா" என்றாள் ஸுஹ்ரா. நான்கு மாதமாக இதே பதில்தான். வாய் கொஞ்சம் தெளிந்திருந்தது. சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை.

மவ்லூதா கொட்டித் தீர்த்தாள். "ஹூசனுக்கு இடம் கெடைச்சிருக்கு, ஹசனுக்கு இல்லன்னு சீட்டு வந்துச்சும்மா. ரெண்டும் ஒரே போர்வைக்குள்ள தூங்குற கழுதைங்க. ஒண்ணை மட்டும் எப்படி அனுப்புவேன்? பெரியவன் மூணு நாளா சாப்பிடல. சின்னவன் அவனுக்குத் துணையா சாப்பிடல. நேத்து அந்த மீசைக்காரர் வந்து 'யாருக்கு எவ்வளவு குடுத்தே'ன்னு கேக்குறாரு. 'ஒருத்தனுக்குத்தான் குடுக்க வசதி இருந்துச்சா'ன்னு வேற. நான் அந்த வாத்தியார் முகத்தைக்கூடப் பார்த்ததில்லம்மா!"

"குடுத்திருந்தா மூத்தவனுக்குத்தானே குடுத்திருப்பே?" என்றாள் ஸுஹ்ரா.

"அதைத்தான் நானும் கேட்டேன்!"

"வேற யாருக்காவது இப்படி?"

"பட்டுத் தறிக்கார வீட்டுல ஃபாத்திமா வெளியே, ஸுஹ்ரா உள்ளே. மெக்கானிக் வீட்டுலயும் ஹூசன்தான் உள்ளே. மாதுளைத் தோட்டத்துக்காரர் வீட்டுலயும் அப்படியே. பள்ளிக்கூட வாசல்ல பேசிக்கிட்டோம். எல்லா வீட்டுலயும் சின்னதுங்கதான் தப்பிச்சிருக்குங்க."

வேனுக்குத் திரும்பும்போது எர்காஷ் சூடான ஸம்ஸாவைக் கடித்தபடி வந்தான். ஸுஹ்ராவுக்கும் ஒன்று நீட்டி, அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, அதையும் தானே தின்றான்.

"வழக்கு முடிஞ்சுது அக்கா. இது இளையவங்க சங்கத்தோட சதி. காலங்காலமா மூத்ததுங்க மேல வயித்தெரிச்சல். நீங்களும் ஸுஹ்ராதானே? நீங்கதான் கும்பல் தலைவியோ என்னவோ, யாரு கண்டா?"

ஸுஹ்ரா சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பாதிதான் தெரிந்திருக்கும். "இளையதுங்க மட்டும்னா அதுல ஏதோ ஒழுங்கு இருக்கு. லஞ்சம் வாங்குறவன் இவ்வளவு ஒழுங்கா வாங்க மாட்டான்" என்றாள்.

"பள்ளிக்கூட வாசலுக்குப் போறோமா?"

"போ."

பள்ளி வாசல் சுவரில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் முகவரியோடு எழுத்து வரிசைப்படி ஒட்டப்பட்டிருந்தன. மனுப் போட்டவர்களின் முழுப் பட்டியல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஸுஹ்ரா ஒவ்வொரு பெயராகத் தேடினாள். மவ்லூதாவின் ஹசன், அதன் கீழே ஹூசன். தறிக்காரரின் ஃபாத்திமா, கீழே ஸுஹ்ரா. ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி, எழுத்து வரிசையிலும் ஹசனை அடுத்துத்தான் ஹூசன் வரும். எல்லாம் பொருந்தியது. இளையதுகளை எல்லாம் குறித்தால் வேலை முடிந்தது.

அப்போதுதான் ஒரு செருப்புத் தைக்கிறவர் வந்து எல்லாவற்றையும் கெடுத்தார்.

துர்தியேவ் என்று பேர். புகார் ஜன்னலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "என் ஹசனை எடுத்திருக்கீங்க, ஹூசனை ஏன் எடுக்கல? ரெண்டு பேரும் ஒரே வீடுதானே!"

எர்காஷின் கையிலிருந்து மூன்றாவது ஸம்ஸா நழுவியது. "ஹசன் உள்ளே, ஹூசன் வெளியேவா? அண்ணே, மாத்திச் சொல்றீங்களா? நல்லா யோசிங்க, எது எது?"

"என் பிள்ளைங்க எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ யாருடா?"

எர்காஷ் வேன் சாவியை எடுத்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். "போயிட்டு வாடா கண்ணு. கேப்டன் உன்னை நல்லா பார்த்துப்பாரு."

மணி ஒன்றரை. ஸுஹ்ரா சுவரை விட்டு நகரவில்லை. துர்தியேவ் ஹசன். அடுத்த வரி துர்தியேவ் ஹூசன். இங்கே மட்டும் ஏன் தலைகீழ்? அவள் விரல் ஹசனுக்கு ஒரு வரி மேலே போனது. துர்தாலியேவ் சர்தோர். சொந்தமில்லை, வேறு யாரோ ஒரு பையன். முகவரி: கால்வாய்க்கு அந்தப் பக்கம். எல்லைக்கு வெளியே.

விரல் மேலே பறந்து மவ்லூதாவின் ஹசனிடம் போனது. அவனுக்கு ஒரு வரி மேலே இருந்த பெண்ணின் வீடு நகரத்துக்குள். தறிக்காரரின் ஃபாத்திமாவுக்கு மேலேயும் நகரத்துப் பிள்ளை.

"எர்காஷ்."

"வேனை நினைச்சு அழுதுட்டிருக்கேன் அக்கா."

"காலையில அந்த நர்ஸ். உனக்கு முன்னால இருந்த கரடித் தொப்பிக்காரன்கிட்ட சீட்டு இருந்துச்சா?"

"இல்லையே. அதானே விரட்டினா."

"அவன் எழுந்ததும் நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்ணுவேன், அவன் நாற்காலிக்கு நகர்ந்தேன். எல்லாரும் ஒரு நாற்காலி நகர்ந்தாங்க. முன்னால இருக்கிறவன் போனா நகர வேணாமா? நகரலன்னா பின்னால இருக்கிற கிழவி நம்ம உசிரை எடுத்துடும்."

"நீ நகர்ந்தே. நர்ஸ்?"

"அவளும் நகர்ந்தா. அடுத்த நாற்காலிக்கு..." எர்காஷ் வாயை மூடினான். அவன் வாய் தானாக மூடியது அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் தடவை. "அடச்சே. நான் அவளைத் தாண்டிப் பின்னால போயிட்டேன்! அப்போ எனக்குச் சக்தி எதுவும் இல்லையா?"

"உன் பேருக்கு என்ன அர்த்தம்?"

"எர்காஷ்னா பின்னால வர்றவன்... அக்கா! பின்னால வர்றவன்தான் தப்பிக்கிறான்!"

"பின்னால வர்ற எல்லாரும் இல்ல. விரட்டப்பட்டவனுக்குப் பின்னால வர்றவன். வேனை எடு."

தில்முராத் காவல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான்கு நாள் தூங்காத முகம். அழுகை, பயம் எதுவும் இல்லை. ஸுஹ்ராவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

"கையெழுத்துப் போட்டுடறேன் அக்கா. நான்தானே எழுதினேன். தப்பு வந்திருக்கு. அப்போ நான்தானே."

"பணம் வாங்கினியா?"

"இல்ல. ஆனா யாரு நம்புவா? எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. நூறு தடவை படிச்சுட்டேன். மூணே வரி. மூணு வரியில எங்க தப்பு ஒளிஞ்சிருக்கும்?"

"அந்த மூணு வரியைச் சொல்லு."

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியதை அவன் பேச்சு மொழியில் ஒப்பித்தான், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி. "பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் எடு. வீடு எல்லைக்கு வெளியேன்னா, அந்தப் பிள்ளையைப் பட்டியல்லேர்ந்து நீக்கு. அடுத்த பிள்ளைக்குப் போ. அவ்வளவுதான். பத்துப் பேரை வச்சுச் சோதிச்சேன், சரியா வந்துச்சு."

"அந்தப் பத்துல வெளியூர்ப் பிள்ளைங்க எத்தனை?"

"மூணு. ஒண்ணு மேல, ஒண்ணு நடுவுல, ஒண்ணு கீழ."

"பக்கத்துல பக்கத்துல இல்ல."

"இல்ல. எதுக்கு?"

ஸுஹ்ரா அவன் முன்னால் குனிந்தாள். "தம்பி, ஒவ்வொரு பிள்ளைன்னு நீ எழுதினே. அடுத்த பிள்ளைக்குப் போகும்போது அந்த மெஷின் எதை ஞாபகம் வச்சிருக்கும்? பிள்ளையோட பேரையா? இல்ல, இது எத்தனாவது இடம்னா?"

தில்முராத் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான். காவல் அறைக் குழாயில் தண்ணீர் மூன்று முறை சொட்டியது.

"இடத்தை" என்றான் தில்முராத் கடைசியில். "எத்தனாவது இடம்னுதான்... அஞ்சாவது ஆளை நீக்கினா, ஆறாவது ஆள் அஞ்சாவது இடத்துக்கு வந்துடுவான். மெஷின் ஆறாவது இடத்துக்குப் போயிடும். அங்க ஏழாவது ஆள் இருப்பான்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நடுவுல வந்தவனை அது பார்க்கவே இல்ல."

"அந்த மெஷின், நகலெடுத்த பட்டியல்ல நடந்திருந்தா?"

"ஆமா. ஆமா அக்கா! ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டு, அதுல வரிசையா நடக்கணும். நீக்கிறதை அசல்ல நீக்கணும். நகல்ல யாரும் நகர மாட்டாங்க. நீக்கினவங்களும் அவங்கவங்க இடத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. ஒரே ஒரு சொல்லை மாத்தினா போதும்."

போனவர்கள் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு நகல். ஸுஹ்ராவின் காது அதைக் கேட்டது. அக்டோபரிலிருந்து யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னால் இருந்தவள் எழுந்து போனாள். இவள் அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டாள். எல்லோரும் 'ஃபாத்திமா எங்கே' என்று கேட்டபடி அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுவரிலிருந்த பட்டியலை எர்காஷ் செல்போனில் படம் எடுத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, விரலால் நடக்க ஆரம்பித்தாள். வெளியூர்ப் பிள்ளை வந்தால் ஓர் அடி, அவன் வெளியே. அவனை ஒட்டி இன்னொரு வெளியூர்ப் பிள்ளை இருந்தால் தாண்டு, அவன் உள்ளே. அதையும் ஒட்டி மூன்றாவது இருந்தால் அவன் வெளியே. ஸுஹ்ராவின் விரல் அன்று அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஏறி இறங்கியது. நகம் தேய்ந்துவிட்டது என்று எர்காஷ் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான். நகம் நன்றாகத்தான் இருந்தது.

சரியாக நாலு மணி. கேப்டன் உமர்ஸோக் டிராயரைத் திறந்து நீல ஃபைலை எடுத்து, தன் பக்கம் மட்டும் தெரியும்படி பிரித்தார். மறுபக்கம் தில்முராத், முன்னால் கையெழுத்துக் காகிதம்.

"ம், ஆரம்பி தங்கச்சி. வேன் வெளியே நிக்குதுல்ல?"

"நிக்குது. தள்ளினாத்தான் வரும்" என்று சாவியை மேஜைமேல் வைத்தான் எர்காஷ்.

ஸுஹ்ரா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பெயர். கேப்டன் ஃபைலில் ஒரு கோடு போட்டார். இரண்டாவது பெயர். இன்னொரு கோடு. ஐந்தாவதில் அவர் பேனா தயங்கியது. எட்டாவதில் மீசையின் சலசலப்பு நின்றது. பதினைந்தாவதாக அவள், "துர்தியேவ் ஹசன்" என்றபோது கேப்டன் துள்ளினார்.

"மாட்டினே! இரட்டைங்கன்னா எல்லா இடத்துலயும் ஹூசன்தான், நீ ஹசன்னு..." ஃபைலைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். உட்கார்ந்தார். "...ஹசன்தான். மேல சொல்லு."

பத்தொன்பது பெயர். பத்தொன்பது கோடு. அந்த நிரல் எப்படி இவர்களைப் பார்க்காமல் தாண்டிப் போனது என்பதையும் ஸுஹ்ரா விளக்கினாள்.

"யாரோ சொல்லிட்டாங்க" என்றார் கேப்டன். "பள்ளிக்கூடத்துல எவனோ உளறிட்டான். இல்ல, இவனே சொல்லிட்டான். விலை பேசினவனுக்கு ஆளைத் தெரியாதா? பிள்ளைங்க மெஷின் கண்ணுக்குத் தெரியலன்னு கதை விடாதே. நான் நம்ப மாட்டேன். இருபத்தாறு வருஷம் இந்த வேலையில இருக்கேன்."

"சரி அண்ணே. உங்க ஆளுங்க ஏழு பேரை அந்த பெஞ்சுல உட்கார வையுங்க."

ஏழு காவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஸுஹ்ரா அவர்கள் தலைக்கு மேலே சுவரில் சாக்கட்டியால் ஒன்றிலிருந்து ஏழு வரை எழுதினாள். மூன்றாவது ஆளின் தொப்பியையும், நான்காவது ஆளின் தொப்பியையும் கழற்றினாள். நான்காவது ஆளின் தலை சுத்த வழுக்கை. அந்தக் குளிரில் அதிலிருந்து சமோவாரைப் போல ஆவி போனது.

"நீங்கதான் மெஷின். ஒண்ணுலேர்ந்து வரிசையா வாங்க. சுவர் நம்பரை மட்டும் பாருங்க, கீழ உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தொப்பி இல்லன்னா வெளியே அனுப்புங்க. அப்புறம் அடுத்த நம்பர். திரும்பிப் பார்க்கக் கூடாது. நீங்க உட்கார்ந்திருக்கிறவங்க, முன்னால இருக்கிறவன் போனா நகரணும்."

"அதை எங்களுக்குச் சொல்லித்தர வேணாம்கா" என்றான் ஒருவன். வரிசையில் நின்று வளராதவர் அந்த ஊரில் யார்?

"இதுல ஒருத்தன்கூட என்கிட்டேர்ந்து தப்ப மாட்டான்" என்று கேப்டன் நடக்கத் தொடங்கினார். "ஒண்ணு, தொப்பி இருக்கு. ரெண்டு, இருக்கு. மூணு, தொப்பி இல்ல, எந்திரி, வெளியே போ!" மூன்றாவது ஆள் போனான். பெஞ்சு முழுவதும் ஒரே சறுக்காகச் சறுக்கியது. "நாலு, இருக்கு. அஞ்சு, இருக்கு. ஆறு, இருக்கு. ஏழு, காலி. முடிஞ்சுது! தொப்பி இல்லாதவன் எவனும் பாக்கி இல்ல!"

"இப்போ திரும்பிப் பாருங்க" என்றாள் ஸுஹ்ரா.

மூன்று என்ற எண்ணுக்குக் கீழே அந்த வழுக்கைத் தலை ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

"அண்ணே" என்றான் எர்காஷ் மிகவும் மரியாதையாக. "அவன் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும். கேப்டன் அந்தத் தலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து விரலால் எண்ணினார். எண்ணியது எல்லாம் சரியாகவே வந்தது. தலையும் அங்கேயே இருந்தது.

மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் தில்முராத் உட்கார்ந்தான். ஒரு சொல்லைச் சேர்த்தான். பொத்தானை அழுத்தினான். திரையில் ஓர் எண் வந்தது: அறுபத்தொன்று. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பின்னாலிருந்து தெரியவில்லை; அவனுக்கே தெரிந்திருக்காது.

"பத்தொம்பது பேரும் வெளியே போயிடுவாங்களே அக்கா. மவ்லூதாகிட்ட யாரு சொல்றது?" என்றான் எர்காஷ் மெதுவாக.

"நான் சொல்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். இன்னைக்கு ராத்திரி ரெண்டும் சாப்பிடும்."

சொல்லி முடிக்கையில் கன்னத்துக்குள் ஏதோ சுருக்கென்றது. மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பல் இருந்த இடத்தில் வலி ஒரு புள்ளியாகத் தொடங்கி, தாடையெங்கும் பரவி, கண் வரைக்கும் ஏறியது. நான்கு மாதத்தில் அவளுக்கு வலித்தது இதுவே முதல் முறை. ஸுஹ்ரா கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, அந்த வலி போய்விடாதபடி அசையாமல் நின்றாள்.

"என்ன தங்கச்சி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றார் கேப்டன். ஏதாவது பேச வேண்டுமே என்று, ஊர் வழக்கப்படியே கேட்டார். "வீட்டுல ஃபாத்திமா நல்லா இருக்காளா?"

"இல்லண்ணே. அவ அக்டோபர்ல போயிட்டா."

அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளை மட்டும்.

கேப்டன் உமர்ஸோக் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போடாத வாக்குமூலத்தை நான்காகக் கிழித்தார். வேன் சாவியை எர்காஷின் பக்கம் தள்ளினார். அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நடந்துச்சு. என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு. நான் பார்க்கல."